பொடியை நிறுத்துங்கள், வேர்க்கடலையை விட வேண்டாம்

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தின் சாரத்தைத் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 64 வயது. பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்றவர். நீண்ட காலமாகச் சர்க்கரை நோய் உண்டு. ஐந்து மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து, ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின், மெட்டோபுரோலால், ராமிப்ரில், ஐசோசார்பைடு மோனோநைட்ரேட், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் என மாத்திரைகள் நடக்கின்றன. இரண்டு மாதங்களுக்கு முன் வாசகியின் அத்தை மகன் 'எல்-ஆர்ஜினின்' என்ற பொடி டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். அதை விற்பதும் அவர்தான். "இது உணவிலேயே இருக்கும் அமினோ அமிலம், பக்கவிளைவே கிடையாது, இதற்கு நோபல் பரிசு கிடைத்திருக்கிறது, அடைப்பைக் கரைத்துவிடும்" என்பது அவர் சொன்னது. அப்பா காலையும் இரவும் 3 கிராம் வீதம் குடிக்கிறார். "கொலஸ்ட்ரால் மாத்திரைதான் கால் வலிக்குக் காரணம்" என்று அதே உறவினர் சொன்னதால் அட்டோர்வாஸ்டாட்டினை ஆறு வாரமாக நிறுத்திவிட்டார். இப்போது காலையில் எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறது. ஒருநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். கொழுப்பு என்று பயந்து வீட்டில் வேர்க்கடலை வாங்குவதையே விட்டுவிட்டார்கள். பீடி மட்டும் நாளுக்கு இரண்டு தொடர்கிறது. "டப்பாவின் மேல் ஆண்மைக்கும் நல்லது என்று போட்டிருக்கிறது, அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். பொடியைத் தொடரலாமா, உணவில் எதை மாற்றுவது, அக்காள் மகன் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல மனம் வராத அப்பாவிடம் இதை எப்படிப் பேசுவது என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

விளக்கம் பிறகு. இன்றே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆர்ஜினின் பொடியை நிறுத்திவிடுங்கள். இதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை, ஒரேயடியாக விடலாம். தலைசுற்றலையும், அட்டோர்வாஸ்டாட்டினை நிறுத்தியதையும் அப்பாவின் இதய மருத்துவரிடம் நாளைக்கே சொல்லுங்கள். அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்க வேண்டாம். மற்ற மாத்திரைகளில் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதமே ஆன நிலையில் ஆஸ்பிரினையோ குளோபிடோகிரெல்லையோ விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். மெட்டோபுரோலாலைத் திடீரென்று விடுவதும் ஆபத்து.

உங்கள் அத்தை மகன் சொன்னதில் எது உண்மை

அவர் சொன்னதில் உண்மையும் கலந்திருக்கிறது. அதனால்தான் உங்களால் அதை எளிதில் மறுக்க முடியவில்லை.

ரத்தக் குழாயின் உட்புறத்தை மெல்லிய செல் படலம் ஒன்று மூடியிருக்கிறது. அந்தச் செல்கள் ஆர்ஜினினை எடுத்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை உண்டாக்குகின்றன. அந்த வாயு குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்துகிறது. குழாய் விரிகிறது, ரத்த அழுத்தம் தணிகிறது, தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் குறைகிறது. இதயத்துக்கு ஆர்ஜினின் தேவை என்பதில் ஐயமே இல்லை. இந்த வாயு உடலுக்குள் செய்தி கடத்துகிறது என்பதைக் கண்டறிந்ததற்காக 1998-இல் ராபர்ட் ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரித் முராத் ஆகிய மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. பரிசு அந்தக் கண்டுபிடிப்புக்குத்தான் கொடுக்கப்பட்டது. ஆர்ஜினின் பொடி குடித்தால் மாரடைப்பு தீரும் என்று அந்தப் பரிசு எங்கும் சொல்லவில்லை. அந்த அறிவு உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் ஏற்கெனவே இருக்கிறது: அப்பா சாப்பிடும் ஐசோசார்பைடு மோனோநைட்ரேட், உடலுக்குள் போய் நைட்ரிக் ஆக்சைடின் வேலையைத்தான் செய்கிறது. பரிசை நிறுவிய ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் நெஞ்சுவலிக்காக மருத்துவர்கள் எழுதித் தந்தது நைட்ரோகிளிசரின். அவர் டைனமைட் செய்து பொருள் ஈட்டியதும் அதே பொருளைக் கொண்டுதான்.

கூடுதலாக ஆர்ஜினின் கொடுத்தால் கூடுதலாக வாயு உண்டாகும் என்று நினைப்பது இயல்பு. அங்கேதான் கணக்கு தவறுகிறது. சாதாரணச் சாப்பாட்டிலேயே ஒருவருக்கு நாளுக்கு ஏறத்தாழ 4 முதல் 6 கிராம் ஆர்ஜினின் கிடைத்துவிடுகிறது. போதாததற்குச் சிறுநீரகமும் தன் பங்குக்குத் தயாரிக்கிறது. நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கும் நொதி வேலை செய்யத் தேவைப்படும் அளவைப்போலப் பல மடங்கு ஆர்ஜினின் எப்போதும் ரத்தத்தில் இருக்கிறது. உலையில் ஒரு படி அரிசிதான் வேகும் என்றால், வீட்டில் எத்தனை மூட்டை இருந்தாலும் சோறு ஒரு படிக்குத்தான் வரும். மேலும், வாய்வழியாகக் குடிக்கும் ஆர்ஜினினில் பெரும் பகுதியைக் குடலும் கல்லீரலும் வழியிலேயே சிதைத்துவிடுகின்றன.

பொடிக்குப் பயனே இல்லை என்றும் சொல்லிவிட மாட்டேன். 11 சிறிய ஆய்வுகளை, மொத்தம் 387 பேரை, ஒன்றாகத் தொகுத்து 2011-இல் வெளிவந்த ஓர் அலசலில், ஆர்ஜினின் எடுத்தவர்களுக்கு மேல் அளவு ரத்த அழுத்தம் சராசரியாக 5 புள்ளி அளவுக்குக் குறைந்திருந்தது. ஆனால் சில வாரங்களில் ரத்த அழுத்தம் சற்றுக் குறைவதும், மாரடைப்பு வந்த ஒருவரின் உயிரைக் காப்பதும் வேறு வேறு. அடைப்பைக் கரைக்கும் என்பதற்கோ எந்த ஆதாரமும் இல்லை.

மாரடைப்பு வந்தவர்களுக்கே கொடுத்துப் பார்த்தார்கள்

இந்தப் பகுதியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள், அண்மையில் முதல் மாரடைப்பு வந்த 153 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஆர்ஜினினும் மற்றதற்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மருந்தே இல்லாத வெற்றுப் பொருளும் ஆறு மாதம் கொடுத்தார்கள். ஆர்ஜினின் அளவு நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு 3 கிராம். இதயத்தின் இறைக்கும் திறன் கூடும், குழாய்களின் விறைப்பு குறையும் என்று எதிர்பார்த்தார்கள். இரண்டிலும் முன்னேற்றம் இல்லை. ஆர்ஜினின் எடுத்த குழுவில் 6 பேர் இறந்தார்கள். வெற்றுப் பொருள் எடுத்த குழுவில் ஒருவரும் இறக்கவில்லை. பாதுகாப்பைக் கண்காணித்த குழு, புதிதாக ஆள் சேர்ப்பதை இடையிலேயே நிறுத்தச் சொன்னது. மாரடைப்புக்குப் பிறகு ஆர்ஜினினைப் பரிந்துரைக்கக் கூடாது என்ற முடிவோடு 2006-இல் அந்த ஆய்வு வெளியானது.

153 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அந்த ஆறு மரணங்களுக்கும் ஆர்ஜினின்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல அது போதாது. நோயுற்ற குழாயில் அந்த நொதி தடம் மாறி, நைட்ரிக் ஆக்சைடுக்குப் பதிலாகத் தீங்கு செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்கக்கூடும் என்பது ஆய்வாளர்களின் ஐயங்களில் ஒன்று. காரணம் எதுவானாலும், ஒரு மகளாக நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு சிக்கலானது அல்ல. ஒரு தட்டில் நிரூபிக்கப்படாத நன்மை, இன்னொரு தட்டில் இப்படியோர் எச்சரிக்கை. அந்த ஆய்வில் பங்கேற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் 60 வயதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். உங்கள் அப்பா அவர்களைப் போன்றவர்தான். அவர் எடுப்பது 9 கிராம் இல்லை, 6 கிராம்தானே என்று கேட்கலாம். மாரடைப்புக்குப் பிறகு இந்த அளவு பாதுகாப்பானது என்று காட்டிய ஆய்வு எதையும் வைத்து அந்த டப்பா விற்கப்படவில்லை.

ஆர்ஜினினை நிறுத்தினால் அடுத்ததாகச் சிட்ருலின் என்று ஒரு டப்பா வரக்கூடும். தர்பூசணியில் இருக்கும் பொருள் அது. கல்லீரலில் சிதையாமல் தப்பிப் போய் உடலில் ஆர்ஜினினாக மாறும் என்பதும் உண்மை. மாரடைப்பு வந்தவர்களுக்கு அதுவும் வேண்டாம்.

மாத்திரைகளோடு சேரும்போது

மோனோநைட்ரேட், ராமிப்ரில், மெட்டோபுரோலால் மூன்றும் ரத்த அழுத்தத்தைக் குறைப்பவை. அவற்றின் மேல் ஆர்ஜினினும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது அழுத்தம் சட்டென்று விழலாம். காலைத் தலைசுற்றலுக்கு இது ஒரு காரணமாக இருக்கக்கூடும். வேறு காரணங்களும் இருக்கலாம்: நாடித்துடிப்பு மிகவும் குறைந்திருப்பது, சர்க்கரை தாழ்வது, உடலில் நீர் வற்றுவது, இதயத் துடிப்புக் கோளாறு. அதனால் பொடியை நிறுத்தியதும் தலைசுற்றல் நின்றுவிட்டாலும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை நோய் இருப்பதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், அதோடு பொட்டாசியம் இரண்டையும் ரத்தத்தில் பார்ப்பது நல்லது. ராமிப்ரில் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியது, சிறுநீரகம் தளர்ந்திருந்தால் ஆர்ஜினினும் கூட்டலாம். அதுவரை அப்பா படுக்கையில் சற்று நேரம் உட்கார்ந்து, பிறகு மெதுவாக எழட்டும்.

நீங்கள் கூச்சப்பட்டு எழுதிய அந்தக் கடைசி வரி, கடிதத்திலேயே முக்கியமான வரிகளில் ஒன்று. எழுதியது மிகவும் நல்லதாயிற்று. ஆண்மைக்கு என்று விற்கப்படும் துணை உணவுகள் சிலவற்றில், லேபிளில் சொல்லாமலே சில்டெனாஃபில் (வயாகராவில் இருப்பது) போன்ற மருந்தைக் கலந்திருப்பதைப் பரிசோதனைகள் பலமுறை காட்டியிருக்கின்றன. உங்கள் டப்பாவிலும் கலந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் சில்டெனாஃபிலைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தான அளவுக்குச் சரியலாம். மாரடைப்புக்குப் பிறகு தாம்பத்தியம் பற்றிய கவலை பெரும்பாலான ஆண்களுக்கு வருகிறது. அதை வீட்டில் யாரிடமும் சொல்வதில்லை. அப்பா அந்தப் பொடியை விட மறுப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இதை நீங்கள் கேட்க வேண்டாம். மருத்துவரிடம் அப்பாவைச் சில நிமிடம் தனியாகப் பேசவிட்டு வெளியே உட்காருங்கள். முன்கூட்டியே மருத்துவரின் காதில் போட்டுவையுங்கள். பாதுகாப்பான வழிகள் இருக்கின்றன.

கால் வலியும் நிறுத்திய மாத்திரையும்

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது பொடியைவிட இந்த மாத்திரை நின்றுபோன செய்திதான். அட்டோர்வாஸ்டாட்டின் வெறும் கொலஸ்ட்ரால் மாத்திரை என்று எண்ணிவிட்டீர்கள். குழாயின் உட்படலத்தை அது சீராக்குகிறது. நைட்ரிக் ஆக்சைடு உண்டாக்கும் அந்த நொதியையே ஊக்குவிக்கிறது. ராமிப்ரிலும் தன் வழியில் அதற்குத் துணை செய்கிறது. பொடி டப்பா எதைச் செய்வதாக வாக்குக் கொடுக்கிறதோ, அதைப் பல ஆண்டுகளாக, பல்லாயிரம் நோயாளிகளிடம் நிரூபித்துக்காட்டிய மாத்திரையை நிறுத்திவிட்டு, நிரூபிக்காத பொடியை அப்பா குடித்துக்கொண்டிருக்கிறார். மாரடைப்பு வந்தவர்களுக்கு எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 55 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இன்றைய இந்திய இதய மருத்துவர்களின் இலக்கு. ஆறு வார இடைவெளிக்குப் பிறகு அது எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

கால் வலியை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஸ்டாட்டின் மாத்திரையால் தசை வலி சிலருக்கு வருவது உண்மை. அப்படியிருந்தால் சி.கே. என்ற ரத்தப் பரிசோதனை செய்து, அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம், எஸெட்டிமைப் என்ற வேறு வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரையைச் சேர்க்கலாம். அப்பாவிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: வலி எப்போது வருகிறது? கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்காலில் பிடித்து, நின்றால் சில நிமிடங்களில் விடுகிறது என்றால், அது மாத்திரையின் வேலையாக இருக்க வாய்ப்புக் குறைவு. காலின் ரத்தக் குழாயிலும் அடைப்பு இருக்கக்கூடும். சர்க்கரையும் பீடியும் சேர்ந்தவருக்கு அது அரிதே அல்ல. காலின் நாடியைத் தொட்டுப் பார்த்து, காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். இப்படிக் காலில் அடைப்பு உள்ள 133 பேருக்கு நாளுக்கு 3 கிராம் ஆர்ஜினினை ஆறு மாதம் கொடுத்த ஆய்வு ஒன்று 2007-இல் வந்தது. நடக்கும் தூரம் வெற்றுப் பொருள் எடுத்தவர்களுக்கே கூடுதலாக முன்னேறியிருந்தது. அந்த நோய்க்கு நல்ல மருந்து, வலி வரும்வரை நடந்து, நின்று, மீண்டும் நடக்கும் பயிற்சி; அதோடு ஸ்டாட்டின்; அதோடு பீடியை விடுவது.

பீடியைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லோடு கடந்துவிட்டீர்கள். இரண்டுதானே என்று விடாதீர்கள். பீடிப் புகை நைட்ரிக் ஆக்சைடை அழிக்கிறது. அப்பாவின் குழாய்களில் அந்த வாயு கூட வேண்டும் என்று உண்மையிலேயே விரும்பினால் முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான். நடைப்பயிற்சி அதைக் கூட்டும். ரத்தம் வேகமாகப் பாயும்போது குழாயின் சுவரே தூண்டப்பட்டுக் கூடுதலாக அந்த வாயுவை உண்டாக்கும். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

சாப்பாட்டில் என்ன செய்யலாம்

பொடியில் இருக்கும் ஆர்ஜினினுக்கு நான் சொன்ன தடை உணவுக்குப் பொருந்தாது. உணவில் அது கொஞ்சம் கொஞ்சமாக, நார், நல்ல கொழுப்பு, பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றோடு சேர்ந்து வருகிறது. 100 கிராம் வேர்க்கடலையில் ஏறத்தாழ 3 கிராம் ஆர்ஜினின் உண்டு. எள்ளிலும் சோயாவிலும் கிட்டத்தட்ட அதே அளவு. பூசணி விதையில் அதைவிடக் கூடுதல். கொண்டைக்கடலை, உளுந்து, பருப்பு வகைகளிலும் மீனிலும் கோழியிலும் நிறைய இருக்கிறது. பாலில் குறைவு.

அதனால் வேர்க்கடலையை ஒதுக்கியதுதான் நீங்கள் செய்த தேவையற்ற தியாகம். அதிலுள்ள கொழுப்பில் பெரும்பகுதி இதயத்துக்குத் தீங்கு செய்யாத வகை. ஸ்பெயினில் இதய நோய் வரும் வாய்ப்பு மிகுந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில், நாளுக்கு 30 கிராம் கொட்டை வகைகளைச் சேர்த்த மத்தியதரைக் கடல் உணவு முறை மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றைக் குறைத்தது. அவர்கள் சாப்பிட்டவை வால்நட், பாதாம், ஹேசல்நட். நன்மை முழுவதும் ஆர்ஜினினால் வந்தது என்றும் சொல்ல முடியாது. நம் வீட்டுக்கு அதைக் கொண்டுவருவது எளிது. அவித்த வேர்க்கடலையோ, உப்பில்லாமல் வறுத்ததோ, ஒரு சிறு கைப்பிடி, முறுக்குக்கும் மிக்சருக்கும் பதிலாக. அவற்றோடு கூடுதலாக என்று வைத்துக்கொண்டால் எடை ஏறும். மாலையில் கொண்டைக்கடலைச் சுண்டலோ பாசிப்பயறுச் சுண்டலோ, உப்பையும் தேங்காயையும் குறைத்து. வாரத்தில் இரண்டு நாள் மீன் குழம்பு. பொரித்த மீன் வேண்டாம். எள்ளுப் பொடி இட்லிக்கு நல்ல துணை, எண்ணெய் குழைக்கும் கையை மட்டும் கட்டுப்படுத்துங்கள்.

கீரையை மறக்க வேண்டாம். கீரையிலும் பீட்ரூட்டிலும் உள்ள நைட்ரேட்டை நாக்கில் வாழும் பாக்டீரியாக்கள் மாற்றித் தர, அதிலிருந்தும் உடல் நைட்ரிக் ஆக்சைடைப் பெறுகிறது. இந்த வழிக்கு ஆர்ஜினினே தேவையில்லை. கிரியாட்டினினோ பொட்டாசியமோ கூடியிருந்தால் கீரை, பருப்பு அளவுகளை மருத்துவர் சொல்படி மாற்ற வேண்டியிருக்கும், எனவே ரத்தப் பரிசோதனை முதலில்.

அப்பாவிடமும் அத்தை மகனிடமும்

பொடி கெடுதல் என்று அப்பாவிடம் ஆரம்பித்தால், அக்காள் மகனைக் குறை சொல்வதாகத்தான் அவருக்குக் கேட்கும். "அவர் பாசத்தோடுதான் கொடுத்தார், ஆனால் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இது ஒத்துவராதாம்" என்று தொடங்குங்கள். அந்தச் சொல் உங்கள் வாயிலிருந்து வருவதைவிட மருத்துவரின் வாயிலிருந்து வருவது நல்லது. டப்பாவை அப்படியே எடுத்துக்கொண்டு போய் மேசையில் வையுங்கள். மருத்துவர் வேண்டாம் என்றால், அக்காள் மகனிடம் முகம் முறியாமல் சொல்ல அப்பாவுக்கும் ஒரு வழி கிடைக்கும்.

அத்தை மகனிடம் நீங்களே நேராகப் பேசலாம். அவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் எண்ணவில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் நம்பியிருக்கிறார். டப்பாவைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி இத்தகைய துணை உணவுகளில் 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல' என்ற பொருளில் ஆங்கில வாசகம் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இதய நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. வேறு நோயாளிகளிடமும் அவர் விற்றுக்கொண்டிருந்தால், மாரடைப்பு வந்தவர்களுக்கு மட்டுமாவது கொடுக்காமல் இருக்கும்படி கேளுங்கள். பணத்தைத் திரும்பப் பெற நினைத்தால் ரசீதையும் டப்பாவையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். நிறுவனம் மறுத்தால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம், கலப்படச் சந்தேகம் இருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் மாதிரியைக் கொடுக்கலாம்.

கடைசியாக ஒன்று. நெஞ்சில் அழுத்தம், இடக்கையிலோ தாடையிலோ வலி, திடீர் வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம் இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் வெறும் களைப்பும் மூச்சிரைப்புமாகவும் மாரடைப்பு வரலாம். அப்போது அப்பா சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலோடு, இந்தப் பொடியையோ ஆண்மைக்கு என்று வேறு எதையுமோ கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதையும் ஆம்புலன்சில் வருபவர்களிடம் கூச்சமின்றிச் சொல்லிவிடுங்கள். நைட்ரேட் கொடுக்கலாமா வேண்டாமா என்று அவர்கள் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.